காற்றில்லாத குழிக்குள் ஒரு குடித்தனம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன்.)



என்ன தலைப்பில் பேசப் போகிறீர்கள் என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டார். "சாணி" என்றேன். கொஞ்ச நேரம் எதிர்முனையில் சத்தமே இல்லை. பிறகு, "அழைப்பிதழில் எப்படிப் போடலாம்?" என்றார். "சுற்றுச்சூழல் பொறியியல் என்று போட்டுக்கொள்ளுங்கள்" என்றேன். அதனால்தான் அழைப்பிதழில் அப்படி இருக்கிறது. பேசப்போவது சாணியைப் பற்றித்தான். இன்னும் சரியாகச் சொன்னால், சாணிக்குள் காற்றே இல்லாமல் குடித்தனம் நடத்துகிற உயிர்களைப் பற்றி.

நான் இங்கே சிவில் படித்து 2010-ல் வெளியே போனவன். வீடு கட்டுவேன், பாலம் கட்டுவேன் என்று நினைத்திருந்தேன். கிடைத்த வேலை கழிவுநீர்ச் சுத்திகரிப்பு. கல்யாணப் பேச்சின்போது பெண்வீட்டார் கேட்டார்கள், "தம்பி எந்த மாதிரி கட்டுமானம்?" என்று. எங்க அம்மா முந்திக்கொண்டு, "தண்ணி சம்பந்தப்பட்டது" என்று சொல்லிவிட்டார்கள். பொய் இல்லை.

ஆனால் இந்தப் பாடம் எனக்குக் கல்லூரியில் தொடங்கவில்லை. கழுகுமலை போகிற வழியில் இருக்கிற எங்க மாமா வீட்டுத் தோட்டத்தில் தொடங்கியது. 1980-களில் மத்திய அரசு சாண எரிவாயுவுக்கு மானியம் கொடுத்தது. 1981-82-ல் அதற்காகவே ஒரு தேசியத் திட்டம் வந்தது. அந்த அலையில் மாமாவும் ஒரு கோபர் கேஸ் போட்டார். செங்கல் கட்டிய கிணறு போல ஒரு குழி, அதன்மேல் கவிழ்த்துவைத்த இரும்பு டிரம். கேஸ் சேரச் சேர டிரம் மேலே எழும்பும், அத்தை சமைக்கச் சமைக்க இறங்கும். காலையில் எழுந்ததும் டிரம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்ப்பதுதான் எங்களுக்கு வேலை. கேஸ் வேகமாக வரவேண்டும் என்று டிரம் தலையில் மாமா இரண்டு அம்மிக்கல் துண்டை வைத்திருப்பார். இந்த மிதக்கும் டிரம் அமைப்பு ஜஷ்பாய் படேல் 1950-களில் உருவாக்கியது, கதர் கிராமத் தொழில் ஆணையம் அதை நாடெங்கும் கொண்டுபோனது என்பதெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு அது எங்க மாமா கண்டுபிடித்தது என்றே நினைத்திருந்தேன்.

விடுமுறைக்குப் போனால் எனக்கு ஒரு கடமை உண்டு. சாணியும் தண்ணீரும் சரிக்குச் சரி கலந்து, வைக்கோல் தும்பை எடுத்துப் போட்டுவிட்டு, குழாய்வழியாக உள்ளே விடவேண்டும். ஒரு கனமீட்டர் கேஸுக்குச் சுமார் 25 கிலோ சாணி வேண்டும். ஒரு மாடு நாளைக்குப் பத்துக் கிலோ போடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு கனமீட்டர் கேஸ் எரிவது ஏறக்குறைய 430 கிராம் எல்பிஜி எரிவதற்குச் சமம். 

அப்போது ஒருநாள் கேட்டேன். "மாமா, வெளியே கிடக்கிற சாணி காஞ்சு வரட்டி ஆகுது. உள்ளே போற சாணி மட்டும் எப்படி கேஸ் ஆகுது?"

"உள்ளே காத்து இல்லைல்லா மாப்ளே, அதான்."

எட்டாவது வரைக்கும்தான் படித்தவர். பிறகு நான் நாலு வருஷம் படித்த பாடத்தை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். இருந்தாலும் அந்த 'அதான்'-ல் இருக்கிற விஷயத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

நாம் எதற்காக மூச்சு விடுகிறோம்? ஆக்சிஜன் வேண்டும் என்பீர்கள். ஆக்சிஜன் எதற்கு? இங்கேதான் பலர் நின்றுவிடுவோம். தின்ற சோற்றிலிருந்து உடம்பு எலெக்ட்ரான்களைப் பிய்த்து எடுக்கிறது. எடுத்ததை யார் தலையிலாவது இறக்கிவைத்தாக வேண்டும். இறக்க இடமில்லை என்றால் அடுத்ததை எடுக்க முடியாது, மொத்த வேலையும் நின்றுவிடும். அப்படி வாங்கிக்கொள்கிற ஆள்தான் ஆக்சிஜன். வாங்கிக்கொண்டு தண்ணீராக மாறிவிடும். மூச்சு என்பது உள்ளபடியே ஒரு சுமைதாங்கிக் கல் தேடுகிற காரியம்.

பாபநாசம் நீர்மின் நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே இருந்து தண்ணீர் அடிவரைக்கும் விழுந்தால் நிறைய மின்சாரம். நடுவில் ஒரு பாறைத்திட்டோடு நின்றுவிட்டால் கொஞ்சம்தான். எலெக்ட்ரானுக்கு ஆக்சிஜன்தான் அடிவாரம். அதில் விழும்போது அதிகமான ஆற்றல் கிடைக்கும். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து நம் செல்கள் 30 முதல் 32 ஏடிபி வரை சம்பாதிக்கின்றன. ஏடிபி என்பது செல்லுக்குள் செல்லுபடியாகும் நாணயம்.

சரி, ஆக்சிஜன் இல்லாத இடத்தில் இருப்பவன் என்ன செய்வான்? மேலே உள்ள திட்டுகளில் இறக்குவான். நைட்ரேட் இருந்தால் அதில். அது தீர்ந்தால் மாங்கனீசு, பிறகு இரும்பு, பிறகு சல்பேட், கடைசியில் கார்பன் டை ஆக்சைடு. வரிசையாகப் போகப் போக விழும் உயரம் குறைவு, வருமானம் குறைவு. எதுவுமே கிடைக்காவிட்டால், தின்ற சாப்பாட்டின் துண்டின்மேலேயே எலெக்ட்ரானைத் திருப்பி வைப்பவர்களும் உண்டு. அதற்குப் பெயர் நொதித்தல். குளுக்கோஸுக்கு இரண்டே இரண்டு ஏடிபி. நம் வீட்டு இட்லி மாவில் இரவெல்லாம் நடப்பது அதுதான். அந்த இரண்டு ஏடிபிக்காக அவை பட்ட பாட்டில் வந்த புளிப்பையும் உப்பலையும் காலையில் நாம் சட்னி தொட்டுச் சாப்பிடுகிறோம்.

இந்தத் திட்டு வரிசையைப் பார்க்க ஆய்வகம் வேண்டாம். நம் கரிசல் காட்டில் ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்து தேங்கட்டும். கோடையில் அரிவாள் உள்ளே விழுந்தால் எடுக்க முடியாத அளவு வெடித்துக் கிடந்த மண், ஈரம் பட்டதும் உப்பி வெடிப்பெல்லாம் மூடிக்கொள்ளும். காற்றுப் போக வழியில்லை. மண்ணில் இருந்த ஆக்சிஜனை வேரும் நுண்ணுயிரும் சீக்கிரமே தீர்த்துவிடும். அடுத்த திட்டு நைட்ரேட். காசு கொடுத்து வாங்கிப் போட்ட உரத்தின் தழைச்சத்தை இந்த பாக்டீரியாக்கள் எலெக்ட்ரான் இறக்கும் கல்லாக்கி, நைட்ரஜன் வாயுவாக வானத்துக்கு அனுப்பிவிடும். நாலாம் நாள் பருத்தி மஞ்சள் பூத்து நிற்கும். "தண்ணி நின்னு பயிர் வெளுத்துப்போச்சு" என்று நம் ஆட்கள் சொல்வதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போகவேண்டுமென்றால் கண்மாய்க்குப் போங்கள். மேலே பழுப்பு வண்டல், காலை அழுத்தினால் கீழே மைபோலக் கருப்புச் சேறு, கூடவே ஒரு வாடை. இரும்பும் கந்தகமும் சேர்ந்த கருப்பு அது. அள்ளி வெயிலில் போட்டால் நிறம் மாறிப் பழுப்பாகிவிடும். சின்ன வயதில் அதில் விளையாடிவிட்டு வீட்டில் அடிவாங்காதவர்கள் இந்த அரங்கில் குறைவு என்று நினைக்கிறேன்.

காற்றில்லாமல் உயிர் இருக்க முடியும் என்று முதலில் காட்டியவர் லூயி பாஸ்டர், 1861-ல். வெண்ணெய் கெட்டால் வருகிற அமிலத்தை உண்டாக்கும் நுண்ணுயிரை ஒரு துளியில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். துளியின் நடுவில் இருந்தவை துள்ளிக்கொண்டிருந்தன. காற்றுப் படும் ஓரத்தில் இருந்தவை அசையாமல் கிடந்தன. அதுவரை காற்று இல்லாவிட்டால் சாவு என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். இங்கே காற்றுப்பட்டால் சாவு. ஆக்சிஜன் உடம்புக்குள் வேலை செய்யும்போது சில முரட்டுப் பொருட்களும் உண்டாகும், ஹைட்ரஜன் பெராக்சைடு மாதிரி. அவற்றை உடைக்க நம்மிடம் என்சைம்கள் உண்டு. இவற்றில் பலவற்றிடம் அது இல்லை. துருப்பிடித்த ஆணி ஆழமாகக் குத்தினால் டிடி ஊசி போடச் சொல்கிறார்களே, காரணம் துரு இல்லை. ஆழமான, காற்றுப்போகாத புண்தான் டெட்டனஸ் கிருமிக்குப் பிடித்த வீடு. 1889-ல் கிடசாட்டோ என்ற ஜப்பானியர் அதைத் தனியாக வளர்த்துக் காட்டியது ஹைட்ரஜன் வாயுவுக்குள் வைத்துத்தான்.

இவை ஏதோ ஊரை விட்டு ஒதுக்கப்பட்ட கூட்டம் என்று நினைக்க வேண்டாம். பூமியில் சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் காற்றில் ஆக்சிஜன் சேர ஆரம்பித்தது. அதற்கு முன் உலகம் முழுக்க இவர்கள் ராஜ்ஜியம். நாம் பிறகு வந்த குடி. ஆக்சிஜன் பெருகியதும் இவர்கள் சேற்றுக்கும் குடலுக்கும் குழிக்கும் இடம் மாறிக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

இப்போது மாமாவின் குழிக்கு வருவோம். அங்கே ஒரே ஒரு வகை உயிர் வேலை செய்வதில்லை. முதல் கூட்டம் சாணியில் உள்ள நார், மாவு, கொழுப்பை உடைத்துக் கரைக்கும். இரண்டாவது கூட்டம் அதை நொதிக்கவைத்து அமிலமாக்கும். மூன்றாவது, அந்த அமிலங்களை அசெட்டிக் அமிலம், ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு என்று குறுக்கும். நாலாவது கூட்டம் இந்தக் கடைசி எச்சிலைத் தின்று மீத்தேனை விடும். நாலாவது ஆள் ஹைட்ரஜனை உடனுக்குடன் எடுத்துக்கொண்டால்தான் மூன்றாவது ஆளுக்குப் பிழைப்பு நடக்கும். ஹைட்ரஜன் கொஞ்சம் தேங்கினாலும் அவனுக்கு வருமானம் பூஜ்யம். ஆளுக்கு ஆள் அண்டிப் பிழைப்பது. அந்த நாலாவது கூட்டம் பாக்டீரியாவே இல்லை என்பது இன்னொரு வேடிக்கை. பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் அமெரிக்காவில் கார்ல் வோஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் இருவரும் 1977-ல் அவற்றின் மரபுப் பொருளை ஒப்பிட்டுப் பார்த்து, இது தனி வம்சம் என்றார்கள். ஆர்க்கியா என்று இன்று சொல்கிறோம். என் தலைப்புக்கு அது கொஞ்சம் இடைஞ்சல்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மிகவும் வியந்த கணக்கு ஒன்று. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு இப்படி முழுக்கச் சிதைந்தால் மூன்று மீத்தேன் வரும். குளுக்கோஸை நேரடியாக எரித்தால் கிடைக்கும் வெப்பத்தில் சுமார் 95 சதவீதம் அந்த மூன்று மீத்தேனில் அப்படியே இருக்கிறது. நாலு கூட்டமும் சேர்ந்து வேலை செய்து எடுத்துக்கொண்ட கூலி அவ்வளவு சொற்பம். அவர்களால் அடிவாரம் வரை இறக்க முடியவில்லை. மீதி உயரத்தை நம் அடுப்பில்தான் மீத்தேன் விழுகிறது, ஆக்சிஜனைச் சேர்ந்து நீல ஜுவாலையாக. அத்தை வைத்த குழம்பு கொதித்தது இந்த ஏழைகள் விட்டுவைத்த மிச்சத்தில்.

வருமானம் குறைவு என்பதால் வளர்ச்சியும் மெதுவு. அமிலம் உண்டாக்குகிறவன் சில மணி நேரத்தில் இரட்டிப்பாவான். அமிலத்தைத் தின்று மீத்தேன் விடுகிற வகைகளில் சிலவற்றுக்குச் சில நாட்கள் வேண்டும். இது தெரியாமல் எங்க வீட்டில் ஒரு காரியம் செய்தோம். பெரியக்கா கல்யாணம் தோட்டத்திலேயே நடந்தது. மிஞ்சிய சோறு, பாயசம், எல்லாவற்றையும் வீணாக்க வேண்டாம் என்று கோபர் கேஸ் குழியில் கொட்டிவிட்டார்கள். மாடு தின்றால் கேஸ் வருகிறது, நேரடியாகவே போட்டால் இன்னும் நிறைய வரும் என்பது சித்தப்பாவின் யோசனை. முதல் இரண்டு நாள் டிரம் ஜம்மென்று எழும்பியது. சித்தப்பா நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். ஆனால் பற்றவைத்தால் எரியவில்லை. வந்தது முக்கால்வாசி கார்பன் டை ஆக்சைடு. மூன்றாம் நாள் அதுவும் நின்று, புளித்த வாடை. அமிலக்காரர்கள் விருந்துச் சோற்றைப் பார்த்ததும் பெருகிவிட்டார்கள், மீத்தேன்காரர்கள் ஈடுகொடுக்க முடியாமல் அமிலத்தில் முடங்கிவிட்டார்கள். மாமா சோறு போடுவதை நிறுத்தி, கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டு, தினமும் புதுச் சாணியை மட்டும் கரைத்து ஊற்றினார். மாட்டின் வயிற்றிலேயே இந்த மீத்தேன் வம்சம் குடியிருக்கிறது, புதுச் சாணியோடு கூடவே வந்துவிடும். ஒரு மாசம் அத்தை விறகு ஊதினார்கள். சித்தப்பா அந்தப் பக்கமே வரவில்லை. இன்றைக்குப் பெரிய ஆலைகளில் லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டிய டைஜஸ்டர் புளித்துப் போனது என்று கூப்பிடுகிறார்கள். போய் நான் செய்வது மாமா செய்ததுதான். ரிப்போர்ட் மட்டும் இருபது பக்கம்.

இதே வேலை நகரத்து அளவிலும் நடக்கிறது. சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி கழிவுநீர் நிலையங்களில் சேற்றிலிருந்து வரும் வாயுவில் மின்சாரம் எடுத்திருக்கிறார்கள். சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீரில் எடுக்கிறார்கள். அதையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனால் கைதட்டல் வாங்கி இறங்கிவிடலாம். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு.

2013. வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருஷம். வெளிமாவட்டத்தில் ஒரு ஆலை, பெயர் வேண்டாம். அங்கே மூடிய கழிவுநீர்த் தொட்டி ஒன்றில் அடியில் இருக்கும் சேற்று மோட்டார் அடைத்துக்கொண்டது. ஆலைக்காரர்கள் கத்துகிறார்கள், உற்பத்தி நிற்கிறது என்று. காலையில் மூடியைத் திறந்தோம். கம்பியை விட்டுச் சேற்றைக் கிளறிப் பார்த்தோம். அசையவில்லை. மத்தியானம் ஆகிவிட்டது. எங்களோடு வேலை பார்த்த ஒரு அண்ணாச்சி, விளாத்திகுளம் பக்கம், ஐம்பது வயசிருக்கும். நான் அவரிடம் சொன்னேன்: "அண்ணாச்சி, அஞ்சு நிமிஷ வேலைதான். ஏணியில இறங்கி அந்தத் துணியை மட்டும் எடுத்து விட்டுட்டு வந்திருங்க."

இந்த வாய்தான் சொன்னது.

அவர் தொட்டி வாயில் உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "இஞ்சினியர் தம்பி, காலையில திறந்தப்ப அழுகின முட்டை நாத்தம் குடலைப் புரட்டிச்சு. இப்ப ஒண்ணுமே தெரியலையே. நாத்தம் போயிருச்சா, இல்ல மூக்கு போயிருச்சா?"

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? எங்க தாத்தா காலத்தில் கிணற்றில் இறங்குவதற்கு முன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் கெட்ட காற்று, இறங்கக்கூடாது. அதைச் சொல்லி, "வேணும்னா விளக்கை இறக்கிப் பார்த்துருவோம்" என்றேன். மீத்தேன் காற்றோடு 5-லிருந்து 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். நான் தீப்பெட்டி ஊர்க்காரன், பிஇ படித்தவன், மீத்தேன் தொட்டிக்குள் விளக்கு விடலாம் என்று யோசனை சொல்கிறேன். பரீட்சையில் இந்தச் சமன்பாடுகளுக்கு நல்ல மார்க் வாங்கியவன்தான். தொட்டி வாயில் நிற்கும்போது ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. ஆலைக்காரர் கத்தல் ஒன்றுதான் காதில் இருந்தது.

அண்ணாச்சி எழுந்துவிட்டார். "நான் இறங்கல. என்னைய வேலையை விட்டு நிப்பாட்டினாலும் சரி." அவர் நின்ற நிலையில்தான் எனக்குப் புத்தி வந்தது. நாற்பது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு தளத்தில் வாயு அளக்கும் மீட்டர் இருந்தது. ஆள் அனுப்பி வாங்கிவர இரண்டு மணி நேரம். கயிற்றில் கட்டி இறக்கினோம். பாதி ஆழம் போவதற்குள் அலறியது. ஹைட்ரஜன் சல்பைடு அந்த மீட்டர் காட்டக்கூடிய உச்சம் 100 பிபிஎம். அதையும் தாண்டி, அளவுக்கு மேல் என்று எழுத்துக் காட்டியது. நான் பக்கத்தில் ஒரு சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். கால் நிற்கவில்லை.

முன்பே சொன்னேனே, திட்டு வரிசையில் சல்பேட் என்று ஒன்று. அதன்மேல் எலெக்ட்ரானை இறக்குகிற பாக்டீரியா விடுவதுதான் ஹைட்ரஜன் சல்பைடு. கழிவில் சல்பேட் இருந்து காற்று இல்லாவிட்டால் அது வந்தே தீரும். ஒரு பிபிஎம்-க்கும் குறைவாக இருக்கும்போதே, அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாதபோதே, நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். நூறு, நூற்றைம்பதைத் தாண்டினால் மூக்கு நரம்பு மரத்துவிடும், வாடையே தெரியாது. ஐந்நூறுக்கு மேல் சில நிமிஷத்தில் ஆள் சாய்வார். ஆயிரத்தை ஒட்டினால் ஒன்றிரண்டு மூச்சு. காற்றைவிடக் கனம், அதனால் அடியில் தங்கும். சேற்றைக் கிளறினால் சோடா பாட்டில் குலுக்கினது மாதிரி குபீரென்று வரும். நாங்கள் காலையெல்லாம் கம்பியை விட்டுக் கிளறியிருந்தோம்.

அது எப்படிக் கொல்கிறது என்பதைக் கேளுங்கள். நம் செல்லுக்குள் எலெக்ட்ரானை ஆக்சிஜனிடம் ஒப்படைக்கிற கடைசி என்சைம் ஒன்று உண்டு, சைட்டோகுரோம் ஆக்சிடேஸ். ஹைட்ரஜன் சல்பைடு போய் அதை அடைத்துவிடும். ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும், செல்லால் அதைத் தொட முடியாது. ஆக்சிஜனில்லாமல் பிழைக்கிற உயிர் விட்ட மூச்சு, ஆக்சிஜனில் பிழைக்கிற நம்மை ஆக்சிஜன் இல்லாதவனாக ஆக்கிவிடுகிறது. அவர்களுக்கு இரண்டு ஏடிபி போதும். நம் மூளைக்குப் போதாது.

எங்கள் வேலை என்னாயிற்று என்றால், புளோயர் வைத்துக் காற்று அடித்தோம். முக்காலி நிறுத்திச் சங்கிலிபோட்டு மோட்டாரையே மேலே தூக்கினோம். யாரும் இறங்கவில்லை. ஒன்றரை நாள் ஆனது. அந்த ஒன்றரை நாளுக்கு எனக்கு மெமோ வந்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மாமாவின் குழியும் நம் வீட்டு செப்டிக் டேங்கும் ஒரே ஜாதி. ஒன்றுக்கு மேலே டிரம் இருக்கிறது, அதனால் உள்ளே கேஸ் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. இன்னொன்றுக்கு கான்கிரீட் மூடி, அதனால் மறந்துவிடுகிறோம். நம் நாட்டில் செப்டிக் டேங்கிலும் பாதாளச் சாக்கடையிலும் இறங்கிச் செத்தவர்களின் பட்டியலில் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது. செய்தியை உற்றுப் படித்தால் பல சமயம் இரண்டு பேர், மூன்று பேர் என்று இருக்கும். முதல் ஆள் விழுந்ததும் மயக்கம் என்று நினைத்துக் காப்பாற்ற இன்னொருவர் இறங்குவார். அவரும் அதே காற்றைத்தான் இழுக்கிறார். இறங்குகிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் வேதியியலை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நாணயமாக இருக்காது. இது ஏடிபி கணக்கு மட்டும் இல்லை.

சட்டம் இருக்கிறது. 2013-ல் வந்த சட்டப்படி, பாதுகாப்புக் கருவி இல்லாமல் யாரையும் சாக்கடைக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ இறக்குவது குற்றம். முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நான் அண்ணாச்சியிடம் 'அஞ்சு நிமிஷம்' என்று சொன்ன அதே வருஷம். 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுக்க வேண்டும் என்றது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது.

கருவியும் வந்துகொண்டிருக்கிறது. கோழிக்கோட்டில் 2015-ல் மேன்ஹோலில் இறங்கிய இரண்டு தொழிலாளர்களும், காப்பாற்றப்போன ஒரு ஆட்டோ ஓட்டுநரும் இறந்தார்கள். அதைப் பார்த்துக் கேரளத்தில் உங்களைப் போன்ற இன்ஜினியரிங் கல்லூரிப் பையன்கள் சிலர் சேர்ந்து பேண்டிகூட் என்று ஒரு இயந்திரம் செய்தார்கள். 2018-ல் திருவனந்தபுரத்தில் அது வேலைக்கு இறங்கியது. செப்டிக் டேங்கின் அடிச்சேற்றை உடைத்துக் கலக்கி உறிஞ்ச ஐ.ஐ.டி. மெட்ராஸில் ஹோமோசெப் என்று ஒன்று செய்து 2022-ல் தமிழ்நாட்டில் இறக்கினார்கள். கடைசி வருஷ புராஜெக்டுக்கு என்ன செய்யலாம் என்று காலையில் ஒரு தம்பி என்னிடம் கேட்டார். நம் பக்கத்துச் சின்ன ஊர்களின் சந்துகளில் லாரி போகாது, ட்ரை சைக்கிள் போகும். அதில் ஏற்றுகிற மாதிரி ஒரு சேறு உறிஞ்சி, கூடவே கயிற்றில் இறக்குகிற ஒரு வாயு மீட்டர். பணம் பற்றி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் செட்டுக்காரர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன். இப்போதே சிலர் தலையைக் குனிகிறார்கள்.

கடைசியாக மாமாவின் குழி என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சாப்பாட்டுப் பந்தியில் கேட்பீர்கள். மாடுகள் ஒவ்வொன்றாக விற்றுப்போய், வீட்டுக்கு சிலிண்டர் வந்தது. டிரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. பத்து வருஷம் அப்படியே கிடந்தது. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது, அதைக் காலிசெய்து மழைநீர்த் தொட்டி ஆக்கப் போகிறேன் என்றார் மாமா. ஏணி எடுத்து வைத்துவிட்டார். எழுபது வயசு. "எத்தனை வருஷமா காஞ்சு கிடக்கு, அதுல என்னடா கேஸு?" என்றார். கிரேன் வைத்து டிரம்மைத் தூக்கினோம். மேலே காய்ந்த ஏடு, நல்ல கனம். கடப்பாரையை விட்டு ஒரு ஓட்டை போட்டேன். கீழே ஈரம் இருந்தது. அந்த ஓட்டைவழியாக மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக, குமிழி வந்துகொண்டிருந்தது.

மாமா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏணியை எடுத்துச் சுவரோரம் சாய்த்துவிட்டு, "சரி மாப்ளே, உன் மோட்டாரையே கொண்டா" என்றார்.